ஏழாவது ஆள்

புதன்கிழமை மத்தியானம், எனக்கு மேலே குடியிருக்கும் மாடிக்காரியின் புருஷன் அவளுடைய யூனிபார்ம் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு என் தையல்கடைக்குள் வந்தார். முழங்கை வரை மாவு. கடற்படையின் கறுநீலத் துணியில் மாவு ஏறினால் லேசில் இறங்காது என்று ஆறு வருஷமாகச் சொல்லி வருகிறேன். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவார்.

"தோள்ல போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? கையில புடிச்சுட்டு வந்தா கை தேஞ்சா போயிடும்?"

"இன்னிக்கு ஒரு நாள் திட்டாதீங்கக்கா. சனிக்கிழமை அவளுக்கு மெடல். போட்டுப் பாத்தா இடுப்புல தொளதொளன்னு நிக்குது. கொஞ்சம் புடிச்சுக் குடுங்க."

"ஆளைப் பாக்காம புடிக்கறதுக்கு நான் என்ன மந்திரவாதியா? அவளை வரச் சொல்லுங்க."

"நாளைக்கு ட்யூட்டி முடிஞ்சதும் வருவா. நெஞ்சுகிட்ட மட்டும் கவனமா செய்ங்கக்கா. மெடல் தொங்கும்போது துணி இழுக்கக் கூடாது பாருங்க."

மெடல் தனக்கே என்பதுபோல் நெஞ்சை நிமிர்த்திக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனிதர். இரண்டு தெரு தள்ளி ரொட்டி அடுப்பில் வேலை. விடிவதற்குள் போய் மத்தியானம் திரும்புகிறவர், வந்ததும் தூங்காமல் துணி துவைத்துச் சமையலையும் முடித்துவிடுவார். ஏனென்றால் மாடிக்காரி எப்போது வருவாள், எப்போது போவாள் என்று அவளுக்கே தெரியாது.

அவள் கடற்படையில் மருத்துவ உதவியாளர். கடலில் யாராவது மாட்டிக்கொண்டால் ஹெலிகாப்டரில் போய்க் கம்பியில் தொங்கி இறங்குகிற வேலை. தெருவில் எல்லோரும் நர்ஸ் என்பார்கள். "நர்ஸ் வேற, என் மருமக வேற" என்று மாமியார் திருத்துவார். அப்படியென்றால் டாக்டரா என்று கேட்டால், "டாக்டர் தரையில நின்னுக்கிட்டுப் பாப்பாரு" என்பார். சந்தையில் முட்டைக்கடை வைத்திருப்பவர். வாயில் ஒரு சொல் தவறி விழாது.

எங்கள் தெருவே கடற்படையை வைத்துப் பிழைக்கிற தெரு. பட்டன் விற்கிறவர் ஒருவர், ஷூ பாலீஷ் விற்கிறவர் ஒருவர், முடி வெட்டுகிறவர்கள் மூன்று பேர், யூனிபார்ம் தைக்க நான். இருபத்திரண்டு வருஷத்தில், தொப்பை போட்டதாக ஒப்புக்கொண்ட அதிகாரி ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் துணிதான் சுருங்கிவிடுகிறது. கோட்டு பெரிதாகிவிட்டது என்று வருகிறவர்கள் குறைவு. அப்படி வந்தால் ஒன்று வயிற்றில் கோளாறு, இல்லையென்றால் மனசில்.

மெடல் எதற்கு என்பது தெருவுக்கே தெரியும். போன குளிர்காலத்தில், விடியற்காலைப் புயலில் மரப்பலகை ஏற்றிப் போன சின்னக் கப்பல் ஒன்று கவிழ்ந்தது. ஏழு பேர் நான்கு மணி நேரம் தண்ணீரில் கிடந்தார்கள். ஹெலிகாப்டரில் இரண்டு மருத்துவ உதவியாளர்கள் போனார்கள். இவள் தண்ணீரில் இறங்கி ஒவ்வொருவராகக் கட்டி அனுப்பினாள். மேலே வாசலில் நின்று வாங்கிச் சிகிச்சை கொடுத்தவரை எல்லோரும் தாடி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறு பேர் உயிரோடு வந்தார்கள். ஏழாவது ஆள் இறந்துவிட்டார். இருவருக்கும் மெடல் என்று போன மாதம் கடிதம் வந்தது. அன்றிலிருந்து முட்டை வாங்கப் போனவர் யாரும் அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்காமல் திரும்பியதில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் மாடிக்காரி வந்தாள். ஒரு வாரமாக விடாத தூறல். கடையில் எங்கு பார்த்தாலும் காயாத யூனிபார்ம். இஸ்திரிப் பெட்டியின் ஆவியில் சுவரே வியர்த்துக்கொண்டிருந்தது. அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். உயரம் கம்மி, தோள் அகலம். போன வருஷ அளவு என் நோட்டில் இருந்தது. நாடாவைச் சுற்றினால் இடுப்பில் இரண்டரை அங்குலம் காணோம்.

"என்னடி இது? அவர்தான் மூணு வேளையும் ஆக்கிப் போடறாரே, அதையெல்லாம் யாரு திங்கறா?"

"சாப்பிடறேன் அக்கா."

"நாடா பொய் சொல்லாது. நேரா நில்லு."

குண்டூசிகளை வாயில் வைத்துக்கொண்டு ஓரம் பிடித்தேன். இடது நெஞ்சில் சாக்கட்டியால் குறி போடப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரலெல்லாம் உப்பில் வெடித்துப் போய்ச் சொரசொரவென்று இருந்தது.

"அங்க உள்ள கேன்வாஸ் வைக்க வேணாம்."

"கேன்வாஸ் வைக்காம மெடல் குத்துனா துணி தொங்கிடும்."

"குத்த மாட்டாங்க. நான் வாங்கப் போறதில்ல. வீட்ல இன்னும் சொல்லல."

வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி மெத்தையில் செருகினேன். வாயில் ஊசியோடு கேட்கிற விஷயமாக அது படவில்லை. அவள் பாக்கெட்டிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். சனிக்கிழமை மேடையில் படிக்கப் போகும் பாராட்டுரை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். வீரம், கடமை, தன்னலமின்மை என்று வழக்கமான வார்த்தைகள்தான். நடுவில் ஒரு வரியின் அடியில் அவள் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். 'மீட்புக் குழு சென்றடையும் முன்பே ஏழாவது நபர் கடலில் உயிரிழந்திருந்தார்.'

"அது பொய் அக்கா. அவர் உயிரோட இருந்தாரு. என்கிட்டப் பேசினாரு."

"எழுதினவன் தப்பா எழுதிட்டான்னு சொல்லித் திருத்த வேண்டியதுதான?"

"எழுதினது நாங்க. கையெழுத்துப் போட்டது நான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். மூலையில் நின்ற தையல் பொம்மையைத் தூக்கி வந்து வெட்டுமேஜை மேல் மல்லாக்கக் கிடத்தினாள். கத்தரித்து வைத்திருந்த லைனிங் துணியில் இரண்டு பட்டை எடுத்தாள். ஒன்றை அக்குளுக்கு அடியில் கொடுத்தாள். பொம்மைக்குக் கால் இல்லை, அதனால் இன்னொன்றை அடிக்கம்பில் சுற்றினாள். இரண்டையும் சேர்த்துத் தூக்கியபோது பொம்மை படுத்த வாக்கில் மேலே வந்தது.

"ரொம்ப நேரம் குளிர்ந்த தண்ணியில கிடந்தவங்கள இப்படித்தான் தூக்கணும். படுக்க வெச்சு. தண்ணி ஒடம்பைச் சுத்தி அழுத்திப் புடிச்சிருக்கும். திடீர்னு நிக்க வெச்சுத் தூக்கினா ரத்தம் பூரா காலுக்கு இறங்கிடும். இதயம் நின்னுடும். இது எங்க வேலையில மொத நாளே சொல்லிக் குடுக்கறது."

"சரி."

"ஆறு பேரை இப்படித்தான் ஏத்தினேன். ஒவ்வொரு தடவையும் கொக்கியோட ரெண்டு பட்டையும் திரும்பி வரும். ஆறாவது ஆள் வாசல் போய்ச் சேந்ததும் அவருக்கு மூச்சு நின்னுபோச்சு. தாடி அண்ணன் அப்படியே உள்ள இழுத்துப் போட்டு நெஞ்சை அமுக்க ஆரம்பிச்சுட்டாரு. கால் பட்டை அந்தாளுக்கு அடியிலயே மாட்டிக்கிச்சு. கம்பி புடிக்கிறவரும் அவருக்கு ஒத்தாசைக்குப் போயிட்டாரு. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் கொக்கி வந்துச்சு. ஒரே பட்டையோட."

அடிக்கம்பில் இருந்த பட்டையை உருவிக் கீழே போட்டாள். ஒற்றைப் பட்டையில் தூக்கினாள். பொம்மை தூக்கில் போட்டதுபோல் நட்டமாகத் தொங்கியது.

"பைலட் விளக்கைச் சிமிட்டிட்டாரு. எரிபொருள் இல்ல, மூணு நிமிஷத்துல கிளம்பணும்னு அர்த்தம். கொக்கியைத் திருப்பி அனுப்பிப் பட்டையைக் கேட்டா, அந்தக் காத்துல ஆறு நிமிஷம் ஆகும். அதனால ஒத்தப் பட்டையில அவரைக் கட்டி நானும் கூடவே தொங்கிட்டுப் போனேன். பாதி வழியில தலை சாஞ்சிடுச்சு."

"அப்ப நீ வேற என்னதான் பண்ணியிருக்க முடியும்?"

"பண்ணியிருக்கலாம். நானும் கூடத்தான தொங்கினேன்? என் ரெண்டு காலையும் அவர் முழங்காலுக்கு அடியில குடுத்துத் தூக்கிப் புடிச்சிருக்கலாம். கிட்டத்தட்ட படுக்க வெச்ச மாதிரிதான் இருந்திருக்கும். அப்பத் தோணல. மறுநாள் குளிக்கறப்பத் தோணிச்சு."

கடையில் ஈரத்துணி சொட்டிக்கொண்டிருந்தது. தப்பு செய்துவிட்டு மறுநாள் வழி கண்டுபிடிக்காத தொழிலாளி யார் இருக்கிறார்கள்? நானும் கழுத்தைக் குறைத்து வெட்டிவிட்டு விடிய விடிய யோசித்திருக்கிறேன். ஆனால் எனக்கு வீணாவது துணி.

"தாடி அண்ணன்தான் சொன்னாரு. தண்ணியிலயே போயிட்டாருன்னு எழுதிடலாம், அவங்க வீட்டுக்கும் அது லேசா இருக்கும்னு. எனக்கு அன்னிக்கு மறுத்துப் பேசத் தெம்பே இல்ல. போட்டுட்டேன். இப்ப அவர் சம்சாரத்தையும் சனிக்கிழமைக்குக் கூப்பிட்டிருக்காங்க. அவங்க முன்னாடி இதைப் படிப்பாங்க."

கோட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். நான் இடுப்பைப் பிடித்தேன். கேன்வாஸையும் வைத்தே தைத்தேன். எனக்கு என் வேலை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோட்டைக் கொடுக்க மாடிக்குப் போனால் வீட்டில் சபையே கூடியிருந்தது. தாடி வந்திருந்தார். பெரிய ஆள், நாற்காலி கிறீச்சிட்டது. பெயருக்கேற்ற நரைத்த தாடி. இரண்டு மாதத்தில் ஓய்வு பெறுகிறார். மேஜையில் பொரித்த மீனும் ரொட்டியும் வேகவைத்த முட்டையும் இருந்தன. யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. முதல் நாள் ராத்திரியே அவள் புருஷனிடமும் மாமியாரிடமும் சொல்லிவிட்டாள் என்பது எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது.

"வா தையல், நீயே கேளு" என்றார் மாமியார். "வர்ற லட்சுமிய எட்டி உதைக்கிறா. ஆறு பேரைக் காப்பாத்தினது பொய்யா? அதுக்குத்தான மெடல்?"

"ஆறு பொய்யில்ல அத்தை. ஏழாவது பொய்."

"ஏழாவதுக்கு யாரு மெடல் குடுக்கறா?"

தாடி முட்டையை உரித்துக்கொண்டே பேசினார். "தங்கச்சி, நான் எனக்காகப் பேசல. சரி, எனக்காகவும்தான் பேசறேன். இப்ப விசாரணைன்னு ஆரம்பிச்சா என் ஓய்வுக் காகிதமெல்லாம் அப்படியே நிக்கும். ஆனா அதை விடு. அந்தப் பொம்பளைகிட்டப் போய், உன் புருஷன் பொழச்சிருப்பாரு, நாங்கதான் கோட்டை விட்டோம்னு சொல்லப் போறியா? அவங்களுக்கு அதுல என்ன ஆறுதல்?"

"தெரியல அண்ணே."

"தெரியாமத்தான் பேசறியா?"

அவள் புருஷன் ரொட்டிக்காரர் மீன் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "எட்டு மாசமா சரியா தூங்கல அவ" என்றார் மெதுவாக. "நான் வேலைக்குக் கிளம்பறப்பல்லாம் கண்ண முழிச்சுக்கிட்டுப் படுத்திருக்கா. மெடல் வந்தா சரியாயிடும்னு நெனச்சேன். கடிதம் வந்ததுலேருந்து இன்னும் மோசம்."

அப்போதுதான் கீழே என் கடை வாசலில் யாரோ கூப்பிடும் சத்தம். மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மா, ஒரு கையில் குடை, ஒரு கையில் துணிப்பை. இங்கே கடற்படையில் வேலை பார்க்கிற பெண் வீடு எது என்று கேட்டார். யார் நீங்கள் என்று நான் கேட்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"கப்பல்ல போனாரே, சமையல்காரர். அவர் சம்சாரம்."

மேலே கூட்டிக்கொண்டு வந்தேன். வேறென்ன செய்ய? தாடி எழுந்து நின்றார். கையில் பாதி உரித்த முட்டை. மாமியார் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்தம்மா பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிற வேலை செய்கிறவர். கை முழுக்க மருந்துத் தண்ணீர் வெளுப்பு. மாடிக்காரியையும் தாடியையும் நான் காட்டியதும், பையிலிருந்து இரண்டு பிஸ்கட் பொட்டலங்களை எடுத்து, ஆளுக்கொன்றாக அவர்கள் முன்னால் வைத்தார்.

"நாளைக்குக் கூட்டத்துல பேச முடியாதுன்னு இன்னிக்கே வந்தேன். ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருக்கீங்க, நல்லதாப் போச்சு. அவரைக் கடல்ல விடாமக் கொண்டாந்து குடுத்தீங்க. எத்தனையோ பேருக்கு அதுகூடக் கிடைக்கறதில்ல."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா" என்றார் தாடி.

"இல்லங்க, சொல்லணும். எனக்குக் கொறை ஒண்ணே ஒண்ணுதான். மத்தவங்களயெல்லாம் அலை வேற பக்கம் தள்ளிட்டுப் போயிடுச்சாம். நாலு மணி நேரம் அந்தத் தண்ணியில கெடந்து, நீங்க வர்றதுக்குள்ள தனியாப் போயிட்டாரே. ஒரு மனுச முகத்தைப் பாக்காம. பேச்சுக்குரல் இல்லாம. அவருக்குத் தனியா இருக்கவே ஆகாது. நான் கடைக்குப் போனாக்கூடப் பின்னாடியே வருவாரு. பஸ்ஸு கழுவறப்ப, தண்ணிய அடிக்கறப்பல்லாம் அதான் நெனப்பு."

தாடி நாற்காலியில் உட்கார்ந்து, பாதி உரித்த முட்டையைத் தட்டில் வைத்தார். லேசாக இருக்கும் என்று எழுதிய வரி அந்தம்மாவின் தலையில் எட்டு மாதமாக என்ன கனம் கனத்திருக்கிறது என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அப்போதுதான் உறைத்தது. எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

"அவர் தனியா போகல" என்றாள் மாடிக்காரி.

அந்தம்மா நிமிர்ந்தார்.

"நாங்க போனப்ப உயிரோட இருந்தாரு. கடைசியில நானும் அவரும் மட்டும்தான் தண்ணியில. பதினோரு நிமிஷம். நான் புடிச்சுக்கிட்டிருந்தேன். பேசிக்கிட்டே இருந்தோம்."

"என்ன பேசினாரு?"

"அடுப்பை அணைச்சேனா இல்லையான்னு தெரியலன்னாரு."

அந்தம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, சிரிப்பு.

"கப்பலே கவுந்து கெடக்கு, அடுப்பா?"

"நாலு தடவ கேட்டாரு. அணைஞ்சிருக்கும், கவலப்படாதீங்கன்னு சொன்னேன். சரியாப் பாத்தியான்னு கேட்டாரு."

"அவரேதான்!" மேஜையைத் தட்டினார் அந்தம்மா. "வீட்டுலயும் இதே கூத்துதான். பஸ் ஏறப் போறப்பத் திரும்பி ஓடுவாரு. எத்தன பஸ்ஸ விட்டிருக்கோம் தெரியுமா?" கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கவே இல்லை. பிறகு சிரிப்பு நின்றது. "அப்பறம் எப்படி…?"

மாடிக்காரி சொன்னாள். வியாழக்கிழமை என்னிடம் சொன்னதையெல்லாம், ஒன்று விடாமல், அதே வரிசையில். மாட்டிக்கொண்ட பட்டை, விமானியின் விளக்கு, மறுநாள் குளிக்கும்போது தோன்றிய யோசனை. நடுவில் தாடி, "பட்டையை விட்டது நான்" என்றார். அவள் தலையசைத்துவிட்டுத் தொடர்ந்தாள். கையெழுத்துப் போட்டது வரை சொல்லி முடித்தாள்.

"நீங்க காலைத் தூக்கிப் புடிச்சிருந்தா பொழச்சிருப்பாரா?"

"பொழச்சிருக்கலாம். நிச்சயமாத் தெரியாது."

மாமியார் டீ போட எழுந்தார். அந்தம்மா வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கு அவர் முன்னாடியே செத்துக் கெடந்தாருன்னு யாரும் படிக்கக் கூடாது" என்றார். "நான் ஒக்காந்திருக்கறப்ப படிக்கக் கூடாது."

போய்விட்டார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. படியில் அவர் இறங்குகிற சத்தம் முழுக்கக் கேட்டது.

மாமியார் மீன் தட்டை மூடி வைத்தார். மருமகள்மேல் பாயப் போகிறார் என்று நினைத்தேன். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்: "சந்தையில நான் சொல்லிக்கறேன். நீ அதப் பத்திக் கவலப்படாத. கேக்கறவளுக்கு அழுகின முட்டையாப் பாத்து எடுத்து வெக்கறேன்."

தாடி மட்டும் உட்கார்ந்தே இருந்தார். பிறகு தாடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு, "பேப்பர் எடு தங்கச்சி" என்றார். "ஆறாவது ஆள் என் கையிலதான் திரும்ப மூச்சு விட்டான். அதுக்கு நான் வெக்கப்படல. பட்டையை மறந்ததும் நான்தான். ரெண்டையும் எழுது. எழுத்து அழகா இருக்கணும், என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்."

சனிக்கிழமை காலையில் இருவரும் யூனிபார்மிலேயே போய் அதிகாரியிடம் காகிதத்தைக் கொடுத்தார்கள். அவர் படித்துவிட்டு, "இத்தன நாள் கழிச்சு இன்னிக்குத்தானா நேரம் கிடைச்சுது?" என்று கத்தினாராம். கத்தாமல் என்ன செய்வார்? பந்தல் போட்டாகிவிட்டது, பேண்டு வாத்தியம் வந்தாகிவிட்டது, அவருக்கும் மேலே ஒருவர் காரில் வந்துகொண்டிருக்கிறார். கடைசியில் பேசி முடிவு செய்தார்கள். மெடல் இப்போது இல்லை, விசாரணை முடியட்டும்.

நானும் போயிருந்தேன். நான் பிடித்த இடுப்பு எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டாமா? தூறலில் பந்தல் விளிம்பிலிருந்து தண்ணீர் கோடாக விழுந்தது. வேறு நான்கு பேருக்கு மெடல் குத்தினார்கள். இரண்டு மருத்துவ உதவியாளர்களுக்கான பாராட்டு, அறிக்கையைத் திருத்த வேண்டியிருப்பதால் ஒத்திவைக்கப்படுகிறது என்று ஒலிபெருக்கியில் படித்தார்கள். படித்தவர் ஒரு நொடி நிறுத்தி, கப்பலின் சமையல்காரர் மீட்பின்போது உயிரிழந்தார் என்று சேர்த்துப் படித்தார். மீட்பின்போது. அந்த ஒரு வார்த்தைக்காக இருவரும் காலை முழுக்க அதிகாரி முன்னால் பிடிவாதமாக நின்றார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். முன் வரிசையில் அந்தம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

பிழைத்த ஆறு பேரும் வந்திருந்தார்கள். கூட்டம் கலைந்ததும் அதில் ஒருவர், இளம் வயசுக்காரர், தாடியைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூச்சு நல்லா வருதா?" என்று கேட்டார் தாடி.

"வருது சார்."

"மாடி ஏறினா?"

"கொஞ்சம் வாங்குது."

"பீடிய விடு" என்றார் தாடி.

நாங்கள் நால்வரும், அதாவது மாடிக்காரி, புருஷன், மாமியார், நான், பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். அங்கே அந்தம்மா குடையை மடக்கிக்கொண்டு நின்றிருந்தார். கூரைக்கு அடியில் எங்களுக்கும் இடம் விட்டு நகர்ந்துகொண்டார். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் நிற்க அந்த இடம் போதாது. மாமியார் ஏதோ பேச வாயெடுத்தார், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"புடிச்சுக்கிட்டிருந்தேன்னு சொன்னீங்களே" என்றார் அந்தம்மா, ரோட்டைப் பார்த்தபடி. "எப்படிப் புடிச்சிருந்தீங்க? கையையா?"

"இல்ல. பின்னாடியிருந்து. முகம் தண்ணிக்கு மேல இருக்கணும்ல."

"எனக்குப் புரியல. காட்டுங்க."

மாடிக்காரி தொப்பியைக் கழற்றிப் புருஷனிடம் கொடுத்தாள். அந்தம்மாவின் பையையும் குடையையும் நான் வாங்கிக்கொண்டேன். அவள் அந்தம்மாவுக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கையையும் அக்குளுக்கு அடியில் கொடுத்து, நெஞ்சுக்கு முன்னால் கோத்துக்கொண்டாள். மெல்லப் பின்னால் சாய்த்தாள். அந்தம்மாவின் தலை அவளுடைய இடது தோளில் வந்து படிந்தது. அவர் காதுக்குப் பக்கத்தில் இவளுடைய வாய்.

"இப்படித்தான்" என்றாள் மாடிக்காரி.

அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டார். முதலில் விறைப்பாக இருந்த கால்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தன. கனம் முழுவதும் மாடிக்காரியின் கையில் இறங்குவது எங்களுக்கே தெரிந்தது. அவள் ஒரு காலைப் பின்னால் ஊன்றிக்கொண்டாள்.

பஸ் வந்து நின்றது. ஏறவில்லையா என்பதுபோல் ஓட்டுநர் பார்த்தார். ரொட்டிக்காரர் போங்கள் என்று கையைக் காட்டினார். பஸ் போனது. நிறுத்தத்தில் இருந்த இன்னும் இரண்டு பேர் எங்களைப் பார்ப்பதும் மழையைப் பார்ப்பதுமாக நின்றார்கள்.

"பதினோரு நிமிஷம் ஆயிடுச்சா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார் அந்தம்மா.

மாடிக்காரி தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"இல்ல. நாலுதான் ஆச்சு."

"அப்ப விடாதீங்க."